உண்ணி கடித்தபின் எத்தனை நாள் கவனிக்க வேண்டும்? குரங்குக் காய்ச்சலும் உண்ணிக் காய்ச்சலும் ஒன்றா?

முதுமலை ஓரம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் கூடலூரில் தையல் வேலை செய்கிறேன். என் அண்ணன் முதுமலைக் காட்டோரக் கிராமத்தில் பதினாறு மாடுகளை வைத்துக்கொண்டு தினமும் மேய்ச்சலுக்கு ஓட்டிப்போய் வருகிறார். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அவருடைய முழங்காலின் பின்புறத்திலும் அரைஞாண் கயிறு படும் இடத்திலும் ஐந்து உண்ணிகள் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். ஒன்று பச்சைப்பயறு அளவுக்கு இரத்தம் குடித்து உப்பியிருந்தது. மற்ற நான்கும் எள்ளைவிடச் சற்றே பெரியவை. மச்சம் என்றுதான் முதலில் நினைத்தேன், விரலால் தடவியபோதுதான் கால்கள் அசைவது தெரிந்தது. அண்ணனோ பதற்றமே இல்லாமல் பீடி நெருப்பை அருகே காட்டி இரண்டை விழச் செய்தார். மீதியை நகத்தால் கிள்ளி எறிந்தார். "சின்ன வயதிலிருந்து கடிக்கிறது, இதற்குப் போய் ஆஸ்பத்திரியா" என்று கேட்கிறார்.

எனக்கு மூன்று கேள்விகள் உள்ளன. உண்ணியை எடுக்கச் சரியான முறை எது? எத்தனை நாள் வரை காய்ச்சல் வருமோ என்று கவனிக்க வேண்டும்? சிலர் குரங்குக் காய்ச்சல் என்கிறார்கள், சிலர் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். இரண்டும் ஒரே நோயா? பக்கத்து வீட்டுப் பாட்டி தெருவோரத்தில் மண்டிக்கிடக்கும் உண்ணிச் செடியிலிருந்துதான் இந்தப் பூச்சி வருகிறது என்று உறுதியாகச் சொல்கிறார். அதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற செவிலி

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிராம சுகாதாரச் செவிலியராக மலையோரங்களில் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், தங்கையே. உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதில் தெளிவு வந்துவிட்டால் மற்ற இரண்டும் எளிதாகிவிடும்.

நம் மொழியில் "உண்ணி" என்ற ஒரே சொல்லை, ஒட்டிக்கொண்டு உண்ணும் எல்லாச் சிற்றுயிருக்கும் வைத்துவிட்டோம். செய்தித்தாள்களில் உண்ணிக் காய்ச்சல் என்று வருவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ். அதைப் பரப்புவது மாட்டில் நாம் பார்க்கும் உண்ணி அன்று. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள ஒரு வகைச் சிலந்திப்பேனின் இளம்புழு. அது கடித்துவிட்டுப் போனதே தெரியாது. அந்தக் காய்ச்சலுக்குக் காரணம் பாக்டீரியா. டாக்சிசைக்ளின் என்ற மருந்துக்கு நன்றாகக் கேட்கும். குரங்குக் காய்ச்சல் முற்றிலும் வேறு. அது வைரஸ், காட்டில் இருக்கும் உண்மையான உண்ணி பரப்புவது, அந்த வைரஸைக் கொல்லும் மருந்து இதுவரை இல்லை. மூன்றாவதாக, நாய் உண்ணி பரப்பும் டைஃபஸ் காய்ச்சல் ஒன்றும் உண்டு. உள்ளங்கை, உள்ளங்கால் வரை சிவப்புத் தடிப்பு வரும், அதற்கும் டாக்சிசைக்ளின்தான். ஆகவே "உண்ணி கடித்தது" என்று மட்டும் மருத்துவரிடம் சொன்னால் போதாது. எங்கே கடித்தது, காட்டிலா, வயலிலா, வீட்டு நாயிடமிருந்தா, எந்தத் தேதி, அந்தப் பக்கம் குரங்கு ஏதும் செத்துக் கிடந்ததா என்ற விவரங்களே அவருக்கு வழி காட்டும்.

உண்ணிச் செடி பற்றிப் பாட்டி சொன்னது பாதி சரி. செடியிலிருந்து உண்ணி பிறப்பதில்லை. ஆனால் அந்த அடர்ந்த புதருக்குள் ஈரமும் நிழலும் எலியும் முயலும் இருப்பதால் உண்ணி அங்கே சுகமாகக் காத்திருக்கும்.

இனி எடுக்கும் முறை. பீடி நெருப்பு, மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். சூடோ எரிச்சலோ பட்ட உண்ணி, வயிற்றில் இருப்பதைக் கடிவாய்க்குள்ளேயே உமிழ்ந்துவிடக் கூடும். நாம் எதைத் தவிர்க்க நினைக்கிறோமோ அதையே செய்ததாகிவிடும். கூர்முனையுள்ள சிறு இடுக்கியால், உப்பிய வயிற்றைப் பிடிக்காமல், தோலை ஒட்டித் தலைப்பகுதியைப் பிடித்து, திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், ஒரே சீராக மேல்நோக்கி இழுக்க வேண்டும். தோல் கூடாரம்போல் சற்று எழும்பி நிற்கும்; அவசரப்படாமல் அப்படியே பிடித்திருந்தால் சில நொடிகளில் விட்டுவிடும். வாய்முள் உள்ளே தங்கிவிட்டால் ஊசியால் குடைய வேண்டாம், தோல் தானாக வெளியே தள்ளிவிடும். பிறகு சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். எடுத்ததை நகத்தில் நசுக்குவது கூடவே கூடாது. மூடியுள்ள சிறு புட்டியில் போட்டு, தேதியை எழுதி ஒட்டி வையுங்கள். கடி கண்ட நாளிலிருந்து குரங்குக் காய்ச்சலுக்கு முதல் பத்து நாளும், ஸ்க்ரப் டைஃபஸுக்கு மூன்று வாரமும் காய்ச்சல் வருகிறதா என்று கவனியுங்கள்.

பத்ராவதி நண்பன்

நான் மூன்று தலைமுறையாகச் சிவமொக்கா மாவட்டத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவன். குரங்குக் காய்ச்சலின் பிறந்த ஊரே எங்கள் மாவட்டம்தான். 1957 இல் சொரப வட்டத்தில் கியாசனூர் காட்டை ஒட்டிய ஊர்களில் மக்களுக்குக் கடும் காய்ச்சல் கண்டது; அதே நேரத்தில் காட்டில் குரங்குகளும் செத்து விழுந்தன. குரங்கு சாவதைக் கேட்டதும் ஆப்பிரிக்காவின் மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்துவிட்டதோ என்ற அச்சம் முதலில் எழுந்தது. புனேயிலிருந்து வந்த ஆய்வாளர்கள் ஆராய்ந்து, இது உண்ணியால் பரவும் புதிய வைரஸ் என்று கண்டு, அந்தக் காட்டின் பெயரையே நோய்க்கும் வைத்தார்கள். இங்கே கன்னடத்தில் "மங்கன காயிலெ" என்பார்கள்.

எங்கள் தீர்த்தஹள்ளி, சாகர பக்கத்துப் பாக்குத் தோட்டக்காரர்கள் கார்த்திகை பிறந்ததும் காட்டுக்குள் சென்று, காய்ந்த சருகைக் கூட்டி அள்ளி வந்து தோட்டத்திற்குப் போடுவார்கள். சரியாக அந்தக் காலத்தில்தான் உண்ணியின் நடுப்பருவக் குஞ்சுகள், நீங்கள் எள் அளவு என்று சொன்னீர்களே, அவை சருகில் மொய்த்துக் கிடக்கும். நோயைப் பெரும்பாலும் மனிதருக்குக் கொடுப்பவை அவைதான். இதனால்தான் நவம்பர், டிசம்பரில் தொடங்கி மே வரை காய்ச்சல் காலம். மழை விழுந்ததும் அடங்கிவிடும். சருகு மூட்டையைத் தலையில் சுமந்து வருபவருக்குக் கழுத்திலும் காதின் பின்னாலும் கடி இருக்கும். வீட்டுக்கு வந்து மூட்டையைத் திண்ணையில் இறக்கினால், காட்டுக்கே போகாத பாட்டிக்கும் குழந்தைக்கும் கடி கிடைக்கும்.

என் தந்தைக்கு இந்தக் காய்ச்சல் வந்தது. கடிபட்டு ஒரு வாரத்திற்குள் குளிர்காய்ச்சல், கண் சிவப்பு, இடுப்பிலும் தொடையிலும் கட்டையால் அடித்தாற்போன்ற வலி. முதலில் காட்டிய மருத்துவமனையில் சாதாரணக் காய்ச்சல் என்று சொல்லி வலிக்கு ஊசி போட்டு அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து ஈறில் இரத்தம் கசிந்தபோதுதான் வேறிடத்திற்குக் கொண்டுபோனோம். அங்கே இரத்தத் தட்டுகள் குறைந்திருப்பதைக் கண்டு, சொட்டு நீர் ஏற்றிப் பார்த்துக்கொண்டார்கள். இந்த நோயில் உயிர் காப்பது அந்தக் கவனிப்புதான். நீர்ச்சத்தும் இரத்த அழுத்தமும் குறையாமல் பார்ப்பது, இரத்தக்கசிவைக் கண்காணிப்பது, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுப்பது ஆகியவைதான் அதில் அடக்கம். ஆஸ்பிரின், புரூஃபென் போன்ற வலிமாத்திரைகள் இரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் கட்டாயம் தவிர்க்க வேண்டும். நோய் கண்ட நூறு பேரில் மூன்று முதல் ஐந்து பேர் வரை இறக்கிறார்கள். இது சிறிய எண் அன்று.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரம் நன்றாக இருந்தபின், பத்தில் ஒருவருக்கு அல்லது இருவருக்கு மறுபடியும் காய்ச்சல் வரும். அந்த இரண்டாம் சுற்றில் தலைவலி, கழுத்து விறைப்பு, கை நடுக்கம், பார்வைக் கோளாறு என்று மூளையைத் தொடும். அப்பாவுக்கு அது வரவில்லை; ஆனால் வரக்கூடும் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நாங்கள் அவரைத் தோட்டத்திற்கு விடாமல் வீட்டிலேயே வைத்திருந்தோம்.

காட்டுப் பயணி

நான் மலையேற்றத்திற்குச் செல்பவன். உண்ணி கடித்தால் அன்றே டாக்சிசைக்ளின் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டால் நோய் வராது என்று அமெரிக்க இணையதளம் ஒன்றில் படித்தேன். என் பையில் எப்போதும் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். உங்கள் அண்ணனுக்கும் அதையே கொடுத்தால் என்ன?

எடிசன்வாசி

நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் படித்த அறிவுரை எங்கள் ஊருக்கானது, அதுவும் நிபந்தனைகளோடு. இங்கே மான் உண்ணி என்ற ஒரு குறிப்பிட்ட வகை, லைம் நோய் என்னும் பாக்டீரியா நோயைப் பரப்புகிறது. அந்த உண்ணி பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி உடலுக்குள் இறங்கும். ஆகவே இந்த வகை உண்ணிதான், 36 மணி நேரமாவது ஒட்டியிருந்தது, எடுத்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றெல்லாம் பார்த்தபின்தான் ஒரே ஒரு வேளை மருந்து கொடுப்பார்கள். போன கோடையில் என் மகளின் காதுக்குப் பின்னால் ஒன்றை எடுத்தேன். அது இன்னும் தட்டையாகவே இருந்ததால், அதாவது இரத்தம் குடிக்கத் தொடங்கியிருக்கவில்லை என்பதால், மருத்துவர் மருந்தே தரவில்லை. இந்தக் கணக்கைக் கூடலூருக்குக் கொண்டுபோக முடியாது. அங்கே உண்ணியும் வேறு, கிருமியும் வேறு.

ஓய்வுபெற்ற செவிலி

எடிசன் நண்பர் சொன்னதை நூறு முறை வழிமொழிகிறேன். குரங்குக் காய்ச்சல் வைரஸால் வருவது. அதற்கு டாக்சிசைக்ளின் ஒன்றும் செய்யாது. மாத்திரை போட்டுவிட்டோம் என்ற நம்பிக்கையில் காய்ச்சலைப் பொருட்படுத்தாமல் இருந்துவிடுவார்களே என்பதுதான் என் பெரிய கவலை. அதே வேளையில், நம் ஊரில் காரணம் தெரியாத காய்ச்சல் ஐந்து நாளுக்கு மேல் நீடித்து, மருத்துவர் ஸ்க்ரப் டைஃபஸ் என்று ஐயப்பட்டால், இரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திராமல் அவரே டாக்சிசைக்ளினைத் தொடங்குவார், அது வேறு. முடிவு அவருடையதாக இருக்க வேண்டும், பையில் உள்ள அட்டையினுடையதாக இருக்கக் கூடாது.

ஆம்பூர் தோட்டம்

ஸ்க்ரப் டைஃபஸ் பட்டு மீண்டவன் நான் என்பதால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். ஐப்பசி மழைக்குப் பிறகு தென்னந்தோப்பில் புல் அறுத்தேன். பன்னிரண்டு நாள் கழித்துக் காய்ச்சல். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைஃபாய்டும் இல்லை. ஏழாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியதும் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஓர் இளம் மருத்துவர் திரையை இழுத்துவிட்டு, என் உடை முழுவதையும் நீக்கச் சொல்லி, அக்குளிலிருந்து அடிவயிற்று மடிப்பு வரை விளக்கடித்துப் பார்த்தார். விதைப்பையின் ஓரத்தில், சிகரெட்டால் சுட்டது போன்ற ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். வலியில்லை, அரிப்பில்லை. ஏழு நாளும் குளித்த எனக்கே அது தெரியாது. முந்தைய இடத்தில் யாரும் சட்டையைக் கழற்றச் சொன்னதுகூட இல்லை.

டாக்சிசைக்ளின் தொடங்கி இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியது. நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து இரத்தக்குழாய் வழியாகக் கொடுப்பது, தனித்தனியே கொடுப்பதைவிட மேல் என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தலைமையில் இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023 இல் நிறுவியது. இந்த நோயில் நம் நாட்டு ஆய்வே உலகுக்கு வழிகாட்டியாக இருக்கிறது என்பது எனக்குப் பெருமை.

ஆனால் காய்ச்சல் போனதும் நோய் முடிந்தது என்று எண்ணாதீர்கள். ஆறு வாரம் வரை, கிணற்றடியிலிருந்து ஒரு குடம் நீர் தூக்கி வந்தால் உட்கார்ந்துதான் எழ வேண்டியிருந்தது. நான் செய்த தவறு, பத்தாம் நாளே மண்வெட்டியைத் தொட்டது. மூன்று நாள் படுக்கையில் தள்ளிவிட்டது. பிறகு காலையில் அரை மணி நடை, மறுநாள் அயர்ச்சி இல்லையென்றால் மட்டும் சற்றுக் கூட்டுவது என்று வைத்துக்கொண்டேன். சாப்பாட்டில் தனி மருந்து எதுவும் இல்லை. வாய்க்கசப்பு இருந்த வாரத்தில் நொய்க்கஞ்சியும் பருப்புத் தண்ணீரும், பிறகு முட்டை, கீரை, சுண்டல். மாத்திரையைப் பற்றி ஒரு செய்தி: டாக்சிசைக்ளினை ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்தபடி விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயிலேயே தங்கிப் புண்ணாக்கிவிடும். பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துப் போடக் கூடாது. வெயிலில் தோல் சட்டென்று கறுக்கும். கருவுற்றவர்களுக்கு இதற்கு மாறாக அசித்ரோமைசின் கொடுப்பார்கள். ஆகவே கருவுற்றிருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கொட்டகை மருத்துவர்

கால்நடை மருத்துவன் என்ற முறையில் மாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியது என் கடமை. மாட்டுக்குக் குரங்குக் காய்ச்சல் வந்து அதிலிருந்து மனிதருக்குப் பரவுவதில்லை. ஆனால் முதிர்ந்த காட்டு உண்ணிக்கு மாடு பெருவிருந்து. வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். காட்டுக்குள் மாடு போகப்போக உண்ணிப் பெருக்கமும் கூடும் என்பது இதனால்தான். அண்ணன் மாலையில் மாடுகளைக் கட்டும்முன் காது மடல், கழுத்துத் தொங்கல், மடி, வால் அடி ஆகிய நான்கு இடங்களையும் தடவிப் பார்க்கட்டும். வெறுங்கையால் பிடுங்கி நசுக்க வேண்டாம். உண்ணி மருந்தை எங்களிடம் கேட்டு, புட்டியில் உள்ள அளவுப்படி மட்டும் கலந்து, கையுறை போட்டுத் தெளிக்க வேண்டும். "கொஞ்சம் கூட ஊற்றினால் சீக்கிரம் சாகும்" என்று ஊற்றி, மாட்டை வலிப்பில் பார்த்திருக்கிறேன். கறவை மாட்டுக்குப் போட்ட மருந்துக்கு எத்தனை நாள் பாலைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். உண்ணி முட்டையிடுவது மாட்டின் மேல் அன்று, கொட்டகைச் சுவரின் வெடிப்பில். வெடிப்பைப் பூசிச் சுண்ணாம்பு அடிப்பது மருந்தில் பாதி. நாட்டுக்கோழிகளைக் கொட்டகைக்குள் விடுங்கள், பொறுக்கித் தின்னும்.

செத்த குரங்கைக் கண்டால் தொடவே கூடாது, நாயையும் அண்ட விடக் கூடாது. குரங்கின் உடல் குளிர்ந்ததும் அதன் மேல் இருந்த உண்ணிகள் எல்லாம் இறங்கிச் சுற்றிலும் பரவும். 2012 இறுதியில் பந்திப்பூரில் செத்த குரங்குகளைக் கையாண்ட பணியாளர்களுக்குத்தான் நோய் வந்தது. அதே பருவத்தில் முதுமலைப் பக்கத்துக் குரங்குகளிலும் அந்த வைரஸ் கண்டறியப்பட்டது. 2015 இல் வயநாட்டில் பெரிதாகப் பரவியது. எல்லைக்கோடு குரங்குக்கும் உண்ணிக்கும் கிடையாது. கண்டவுடன் வனத்துறைக்கும் சுகாதார நிலையத்துக்கும் சொல்லிவிட்டால், அவர்கள் உடலை எடுத்து, சுற்றிலும் மருந்துத் தூள் தூவுவார்கள்.

பத்ராவதி நண்பன்

தற்காப்புக்கு ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். குரங்குக் காய்ச்சலுக்கு முன்பு ஒரு தடுப்பூசி இருந்தது. போதிய காப்புத் திறன் இல்லையென்று 2022 இல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே உடைதான் இன்று ஊசி. முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகி, மேல்சட்டையை உள்ளே விட்டு, வெளிர் நிறத்தில் உடுத்தினால் ஏறும் உண்ணி கண்ணில் படும். எங்கள் பக்கம் அரசு சுகாதார நிலையத்தில் உண்ணியை அண்ட விடாத டெப்பா எண்ணெய் இலவசமாகக் கொடுப்பார்கள். கை, கால், கழுத்தில் தடவிக்கொண்டுதான் காட்டுக்குள் நுழைவோம். வேப்பெண்ணெய் தடவுபவர்களும் உண்டு; தடவலாம், ஆனால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். திரும்பியதும் உடையை வாசலிலேயே கழற்றி வெந்நீரில் போட்டு, சோப்புத் தேய்த்துக் குளித்து, வீட்டில் ஒருவர் மற்றவரின் முதுகையும் தலைமுடியையும் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா அதை விளக்கேற்றும் வேலையைப் போல நாள் தவறாமல் செய்கிறார்.

முதுமலை ஓரம்

எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பதிலெழுதப் பத்து நாள் ஆகிவிட்டது. செவிலி அம்மா சொன்னபடி, கடி கண்ட நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு, குரங்குக் காய்ச்சலுக்கு முதல் பத்து நாளும் ஸ்க்ரப் டைஃபஸுக்கு மூன்று வாரமும் என்று எண்ணி வைத்தேன். எட்டாம் நாள் அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. அவர் மறுத்தும் கேளாமல் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், தேதி, காட்டு வழி, ஐந்து கடி, அரைஞாண் இடம் என்று தாளில் எழுதியதை மருத்துவரிடம் நீட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, உடல் முழுதும் பார்த்து, இரத்தம் எடுத்து அனுப்பினார். பொருக்கு எதுவும் இல்லை, தட்டுகள் சரியாக இருந்தன, வந்தது சாதாரணக் காய்ச்சலே என்று முடிவு வந்தது. மூன்று வாரம் முடிய இன்னும் ஐந்து நாள் இருப்பதால் தினமும் மாலையில் உடல் வெப்பம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணனுக்கு இரண்டு வெளிர் நிற முழுக்கால் சட்டை நானே தைத்தேன். கணுக்காலில் ரப்பர் பட்டி வைத்து, காலுறைக்குள் வசதியாக அடங்கும்படி கீழே குறுக்கியிருக்கிறேன். நேற்று மேய்ச்சலிலிருந்து வந்தவர், பட்டிக்கு மேல் துணியில் ஊர்ந்துகொண்டிருந்த ஒன்றைச் செலோ டேப்பில் ஒட்டிக் கொண்டுவந்து காட்டினார். பக்கத்து மேய்ச்சல்காரர்கள் நால்வர் அதேபோல் தைத்துத் தரச் சொல்லி அளவு கொடுத்திருக்கிறார்கள். காலுறைக்குப் பதில் அவர்கள் துணிப்பட்டை சுற்றும் வழக்கமுள்ளவர்கள். பட்டைக்கும் சட்டைக்கும் இடையே இடைவெளி விழாமல் எப்படித் தைப்பது என்று காட்டு வேலை பழகியவர்கள் யாராவது சொன்னால் இந்த வாரமே வெட்டத் தொடங்கிவிடுவேன்.